ஆறு வில்லன்கள், ஆளுக்கொரு ரகசியம்: காமிக்ஸ் உலகின் தகவல் சந்தை

வில்லன்கள் அணி சேரும் காமிக்ஸோ படமோ வரும்போதெல்லாம் வாசகர்கள் கேட்பது ஒரே கேள்விதான். ஸ்பைடர்மேனிடம் அடி வாங்கியவர்கள் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறார்கள். அவனைப் பற்றி ஆளுக்கு ஏதோ ஒன்று தெரியும். ஒருவனுக்கு அவன் வலையின் பலவீனம் தெரியும். இன்னொருவனுக்கு முகமூடிக்குள் இருப்பது சின்னப் பையன் என்ற சந்தேகம். மூன்றாமவன் அவன் எந்தப் பக்கம் போய் மறைகிறான் என்று பார்த்து வைத்திருப்பான். எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தெரிந்ததைக் கொட்டினால் ஒரே இரவில் கதை முடிந்துவிடாதா?

"கதை முடிந்தால் வியாபாரமும் முடிந்துவிடும், அதனால்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது உண்மைதான், அதற்குக் கடைசியில் வருவோம். ஆனால் எண்பது வருடங்களாக இந்தக் கதைகளை எழுதியவர்கள் கதைக்குள்ளேயும் ஒரு பதிலைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வில்லன்கள் சந்திக்கத்தான் செய்கிறார்கள். பேசுகிறார்கள், தகவலும் கைமாறுகிறது. ஆனால் கைமாறுவதெல்லாம் மலிவான தகவல். விலை உயர்ந்த தகவல் வைத்திருப்பவனோடேயே கிடக்கும், பெரும்பாலும் அவனோடேயே புதைந்தும் போகும்.

அடிப்படை: இவர்களிடம் இல்லாத மூன்று விஷயங்கள்

சட்டத்துக்கு உட்பட்டுத் தொழில் செய்யும் இருவர் ஒருவருக்கொருவர் தகவல் தருகிறார்கள் என்றால், அவர்களுக்குப் பின்னால் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. வில்லன்களுக்கு அவை கிடையாது.

1. ஒப்பந்தத்தை நிறைவேற்ற வைக்க ஆள் இல்லை. வாக்கு மீறியவன் மேல் வழக்குப் போட முடியாது. பதிலடி கொடுக்கலாம், அவ்வளவுதான். அதற்கும் நம்மிடம் அவனைவிட அதிக பலம் இருக்க வேண்டும்.

2. எதிரே இருப்பவன் யார் என்றே உறுதி செய்ய முடியாது. எல்லோரும் முகமூடி. போதாக்குறைக்கு, ஆள்மாறாட்டத்தையே பிழைப்பாக வைத்திருக்கும் கமீலியன் மாதிரி ஆட்களும் அதே வட்டத்தில் திரிகிறார்கள். 1963இல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' முதல் இதழிலேயே அவன் இருக்கிறான்.

3. பரிசைப் பங்கு போட முடியாது. சாதாரணத் திருடர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, கொள்ளைப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் "பேட்மேனை வீழ்த்தியவன்" என்ற பெயர் ஒருவனுக்குத்தான் கிடைக்கும். நான் சொல்லும் துப்பு உன்னை ஜெயிக்க வைத்தால் தோற்றது நானும்தான்.

மூன்றில் கடைசியைத்தான் பலர் கவனிப்பதில்லை. வில்லன் கூட்டணிகள் துரோகத்தால் உடைகின்றன என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். கதைகளைப் படித்தால், துரோகம் வருவதற்கு முன்பே கர்வம் வேலையை முடித்துவிடுகிறது.

கூட்டணிகளின் தொடக்கம்

வில்லன் கூட்டணி என்பது காமிக்ஸுக்குப் பழைய சரக்கு. 1943இல் 'கேப்டன் மார்வெல் அட்வென்சர்ஸ்' தொடரில் 'மான்ஸ்டர் சொசைட்டி ஆஃப் ஈவில்' வந்தது. சுமார் இரண்டு ஆண்டுகள் ஓடிய தொடர்கதை. அதன் தலைவன் மிஸ்டர் மைண்ட் முதலில் வெறும் குரலாக மட்டுமே வருவான், ஆளைக் காட்டவே மாட்டார்கள். பிறகு பார்த்தால், கண்ணாடி போட்ட ஒரு சின்னப் புழு. உறுப்பினர்களிடம் தன்னைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறானோ அவ்வளவு பெரிய தலைவன் என்ற இலக்கணம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

1947இல் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' 37ஆம் இதழில் 'இன்ஜஸ்டிஸ் சொசைட்டி' வந்தது. ஹீரோக்களின் சங்கத்துக்கு எதிர்ச்சங்கம். ஹீரோக்களைப் பிடித்து வந்து ஒரு போலி விசாரணை நடத்தும் அளவுக்கு அதில் ஒழுங்கு இருந்தது. 1957இல் 'வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' 88ஆம் இதழில் சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரும் பேட்மேனின் எதிரி ஜோக்கரும் முதல்முறையாகக் கைகோத்தார்கள்.

இவற்றுக்கு நடுவே, 1954இல், அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே 'காமிக்ஸ் கோட்' என்ற தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். நம் விஷயத்துக்கு அதில் ஒரு விதி முக்கியம்: குற்றம் செய்யும் முறைகளை நுணுக்கமாகக் காட்டக் கூடாது. தொழில் நுணுக்கத்தை வாசகனுக்குச் சொல்ல முடியாது என்றால், ஒரு வில்லன் இன்னொரு வில்லனுக்குச் சொல்வதையும் பக்கத்தில் காட்ட முடியாது. அந்தக் காலத்து வில்லன்கள் சந்தித்ததும் சிரிப்பார்கள், சபதம் போடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். நடுவில் பேசவேண்டியது எதையும் பேசியதாகத் தெரியாது. அந்த வெறுமைக்கு இந்த விதிக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

1964: சினிஸ்டர் சிக்ஸ் செய்த தப்பு

கூட்டணியின் கோளாறு முழுவதையும் ஒரே கதையில் பார்க்க வேண்டுமா? ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய 'அமேசிங் ஸ்பைடர்மேன்' முதல் ஆண்டுமலர், 1964. டாக்டர் ஆக்டபஸ், எலக்ட்ரோ, கிரேவன், மிஸ்டீரியோ, சேண்ட்மேன், வல்ச்சர் என்று ஆறு பேரும் கூடுகிறார்கள். ஆறு பேரும் ஏற்கெனவே ஸ்பைடர்மேனோடு மோதியவர்கள். அனுபவ அறிவு மலைபோலக் குவிந்திருக்கிறது.

எடுத்த முடிவு என்ன? ஒவ்வொருவராகப் போய்ச் சண்டை போடுவது! அவனை வீழ்த்தும் பெருமை தனக்கே வேண்டும் என்று ஆளாளுக்கு நினைத்ததால், யார் முதலில் போவது என்று முறை போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த ஆள் எங்கே காத்திருக்கிறான் என்ற குறிப்புச் சீட்டு ஒவ்வொருவனிடமும் இருக்கிறது. அதாவது, ஆறு பேர் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட ஒரே உருப்படியான தகவல் முகவரி. அதுவும் தோற்றவனிடமிருந்து நேராக ஸ்பைடர்மேன் கைக்குப் போகிற மாதிரி.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் ஸ்பைடர்மேன் தன் சக்தியை இழந்திருந்தான். மாமாவின் சாவுக்குத் தான்தான் காரணம் என்ற குற்ற உணர்வு மனதை அழுத்தி, சக்தி போய்விட்டதாக நம்பிக்கொண்டு வெறுங்கையோடுதான் முதல் சண்டைக்குப் போகிறான். எலக்ட்ரோவோடு மோதும்போதுதான் சக்தி திரும்புகிறது. வாசலில் ஆறு பேரும் ஒன்றாக நின்றிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அப்புறம், டாக்டர் ஆக்டபஸ் கடத்தி வைத்திருந்தவர்களில் ஒருவர் மே அத்தை, முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கரை வளர்த்தவர். ஆக்டபஸ் தேடும் ரகசியத்துக்கு மிக அருகில் இருந்த ஆள் அவனோடு ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், "எவ்வளவு பண்பான மனிதர்" என்று அவனையே மெச்சிக்கொண்டு. அவன் எதுவும் கேட்கவில்லை.

சந்திக்கும் இடங்கள்

தலைவன் கூட்டும் மாநாட்டைவிட, வேறு வேலையாக வந்து சந்திக்கும் இடங்களில்தான் இவர்களுக்கு உண்மையான பழக்கம் உண்டாகிறது.

முதலில் கைவினைஞர்கள். மின்னல் வேக ஹீரோ ஃப்ளாஷின் எதிரிகளுக்கு உடை தைத்துக் கொடுக்கும் தையல்காரர் பால் கேம்பி 1963இல் கதைக்குள் வந்தார். அந்த எதிரிகளில் கேப்டன் கோல்டுக்கும் ஹீட் வேவுக்கும் ஒரே தையல்கடை. அதே ஆண்டு ஸ்பைடர்மேன் தொடரில் டிங்கரர் வந்தான். முதலில் ரேடியோ பழுது பார்ப்பவனாகக் காட்டினார்கள், பிற்காலத்தில் வில்லன்களுக்குக் கருவி செய்து கொடுப்பவனாகவே நிலைத்துவிட்டான். 1980இல் அறிமுகமான டாஸ்க்மாஸ்டர் அடியாட்களுக்குப் பயிற்சிப் பள்ளியே நடத்தினான். இந்த மூவருக்கும் ஊரில் யார் தயாராகிறான், யாருக்கு என்ன ஆயுதம், எவன் இளைத்திருக்கிறான் என்பதெல்லாம் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் தொழில் போய்விடும்.

அடுத்து சிறையும் மனநலக் காப்பகமும். பேட்மேன் கதைகளின் ஆர்க்கம் காப்பகம் 1974இல் வந்தது. அதற்குப் பிறகு பேட்மேனின் ஊரான கோதம் நகர வில்லன்களுக்கு அதுதான் பொது முகவரி. வெளியே ஒருவரையொருவர் தேடிப் போகாதவர்கள் உள்ளே பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பார்கள். சிறைவாசத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அது அடையாளச் சான்று. உளவாளியாக வந்தவன் வருடக்கணக்கில் கம்பி எண்ண மாட்டான். நிஜக் குற்ற உலகத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டியேகோ காம்பெட்டாவும் இதைச் சொல்கிறார்: போலியாகக் காட்ட முடியாத விலையைக் கொடுத்தவனைத்தான் குற்றவாளிகள் நம்புகிறார்கள்.

மூன்றாவது, பொது இடம். பேட்மேனின் எதிரி பென்குயின் நடத்தும் ஐஸ்பர்க் லவுஞ்ச் ஒரு கேளிக்கை விடுதி. கணக்குப்படி அது சட்டபூர்வமான வியாபாரம். ஆனால் கோதமில் எந்தச் செய்தியும் அதன் வழியாகத்தான் போகிறது. பேட்மேனே துப்புக் கேட்டு அங்கே வருவான். இரண்டு பக்கமும் விற்பவனை இரண்டு பக்கமும் விட்டுவைக்கும். பென்குயினின் பாதுகாப்பே அதுதான்.

எதற்கு எவ்வளவு விலை?

இந்த வட்டத்தில் புழங்கும் தகவலை மூன்று தட்டாகப் பிரிக்கலாம்.

1. மலிவானது: யார் ஆள் எடுக்கிறான், யார் உள்ளே போனான், எந்தக் கருவி சரியில்லை. இதைச் சும்மாவே சொல்வார்கள். சொல்பவனுக்கு நஷ்டமில்லை, நாளைக்குத் திருப்பிக் கேட்கலாம்.

2. நடுத்தரமானது: ஹீரோவின் பழக்கம், தந்திரம், பலவீனம். இதைக் காசுக்கோ பதில் தகவலுக்கோ தருவார்கள்.

3. விலைமதிப்பில்லாதது: முகமூடிக்குள் இருப்பவன் யார்.

மூன்றாம் தட்டில்தான் சந்தையே உடைகிறது. 1977இல் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' இதழில் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதி மார்ஷல் ராஜர்ஸ் வரைந்த கதையில், பேராசிரியர் ஹியூகோ ஸ்ட்ரேஞ்ச் பேட்மேனைப் பிடித்து, முகமூடியைக் கழற்றி, புரூஸ் வெய்ன்தான் என்று கண்டுபிடித்துவிடுகிறான். அப்புறம் அந்த ரகசியத்தை ஏலத்துக்கு விடுகிறான். ஏலத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் ஜோக்கர், பென்குயின், ஊழல் அரசியல்வாதி ரூபர்ட் தோர்ன். தோர்ன் கணக்குப் போடுகிறான்: ஏலம் எதற்கு? விற்பவனைப் பிடித்து அடித்தால் சொல்லிவிடுவானே. அவன் ஆட்கள் அடிக்கிறார்கள், ஸ்ட்ரேஞ்ச் சொல்லாமலே சாகிறான். (பின்னாளில் உயிரோடு திரும்பினான். காமிக்ஸில் சாவு அப்படித்தான்.)

பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962இல் சுட்டிக்காட்டிய சிக்கல் இதற்கு அப்படியே பொருந்தும். தகவலின் மதிப்பு என்ன என்று வாங்குபவனுக்குத் தெரிய வேண்டுமானால் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும். சொன்ன பிறகு அவன் காசு கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? சட்டம் இருக்கும் உலகில் இதற்குக் காப்புரிமை, ஒப்பந்தம் என்று வழிகள் இருக்கின்றன. ஸ்ட்ரேஞ்சுக்கு இருந்ததெல்லாம் தன் வாய் ஒன்றுதான்.

2002-2003இல் வந்த 'ஹஷ்' கதையில் இதே ரகசியம் விடுகதை போடும் வில்லன் ரிட்லர் கையில் கிடைக்கிறது. பேட்மேன் அவனை அடித்து மிரட்டவில்லை. எல்லோருக்கும் விடை தெரிந்த விடுகதைக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறான். ரிட்லரின் வாழ்க்கையே விடை தெரிந்த ஒரே ஆளாக இருப்பதில் இருக்கிறது. சொன்னால் அவன் சாதாரண ஆள். கூடவே, இந்த ரகசியம் பிடிபட்ட விதம் வெளியே வந்தால் ரா'ஸ் அல் கூல் என்ற இன்னொரு வில்லனின் கோபத்துக்கும் ஆளாக வேண்டியிருக்கும் என்ற பயமும் உண்டு. ரிட்லர் வாயை மூடிக்கொள்கிறான். பூட்டு வெளியிலிருந்து வரவில்லை, அவன் குணத்திலேயே இருந்தது. வில்லன் மனதை எழுதியவர்களில் இதைவிடக் கச்சிதமாக எழுதியவர்கள் குறைவு.

தரகர், சங்கம்

நேரடியாக நம்ப முடியாதபோது நடுவில் ஒருவன் தேவைப்படுகிறான். 1976இல் வேடிக்கையான உடையோடு அறிமுகமான கால்குலேட்டரை, 2004இல் 'ஐடென்டிட்டி கிரைசிஸ்' கதையில் தகவல் தரகனாக மாற்றினார்கள். ஹீரோக்களுக்குத் தகவல் தரும் ஆரக்கிள் எப்படியோ, வில்லன்களுக்கு இவன் அப்படி. கேள்வி கேட்டால் கட்டணம், பதில் கிடைக்கும். வாடிக்கையாளர்கள் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டியதில்லை, எல்லோரும் அவனை நம்பினால் போதும். அவனும் ஏமாற்ற மாட்டான், ஒருமுறை பொய் சொன்னால் கடையை மூட வேண்டியதுதான்.

இன்னொரு வழி சங்கம். 1985இல் 'கேப்டன் அமெரிக்கா' தொடரில் மார்க் க்ருயன்வால்ட் எழுதிய சர்ப்பன்ட் சொசைட்டி, பாம்பு வேடம் போடும் கூலி வில்லன்களின் தொழிற்சங்கம். தலைவன் சைட்விண்டருக்குத் தன் மேலங்கியால் நினைத்த இடத்துக்குத் தாவும் சக்தி உண்டு. பிடிபட்ட உறுப்பினரை ஜெயிலில் இருந்தே கூட்டி வந்துவிடுவான். வருமானத்தில் ஒரு பங்கு சங்கத்துக்கு. உலகை ஆளும் ஆசை இல்லை, ஹீரோவைப் பழிவாங்கும் வெறி இல்லை, வேலைக்குக் கூலி. மேலே சொன்ன மூன்றாவது சிக்கலை, அதாவது பங்கு போட முடியாத பரிசை, இவர்கள் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதனால்தான் பெருந்தலைகள் சேர்ந்த எத்தனையோ அணிகளைவிட இது உருப்படியாக நடந்தது.

கூடியதே ஆபத்தான கதை

அதே எழுத்தாளர், அடுத்த ஆண்டே, மறுபக்கத்தையும் எழுதினார். 'கேப்டன் அமெரிக்கா' 319ஆம் இதழ், 1986. ஸ்கர்ஜ் என்ற மர்ம ஆள் சில்லறை வில்லன்களை ஒவ்வொருவராகச் சுட்டுக் கொன்றுகொண்டிருக்கிறான். உயிர் பயத்தில் மிச்சமிருப்பவர்கள் 'பெயரில்லாத பார்' என்ற மதுக்கூடத்தில் கூடுகிறார்கள். நோக்கம் நியாயமானது: தெரிந்ததைப் பகிர்ந்து, ஆளைக் கண்டுபிடிப்போம். ஆனால் மது ஊற்றிக் கொடுப்பவனே ஸ்கர்ஜ். மாறுவேடத்தில் நிற்கிறான். கூடியிருந்த அத்தனை பேரையும் அங்கேயே சுட்டுத் தள்ளுகிறான். வரவேண்டிய இன்னொரு வில்லன், வாட்டர் விசர்ட், வண்டியின் டயர் பஞ்சரானதால் தாமதமாகிப் பிழைத்தான்.

1989-90இல் வந்த 'ஆக்ட்ஸ் ஆஃப் வென்ஜன்ஸ்' வேறு வகைத் தோல்வி. யோசனை என்னவோ அருமை: வழக்கமான எதிரியை விட்டுவிட்டு, அடுத்தவனின் எதிரியைத் தாக்குவது. தெரியாத வில்லனிடம் ஹீரோவுக்குப் பழைய அனுபவம் உதவாது. ஆனால் வில்லனுக்கும் அந்த ஹீரோவைத் தெரியாதே? ஏற்கெனவே மோதியவன் பாடம் எடுத்தால்தான் இந்தத் திட்டம் பலிக்கும். டாக்டர் டூம், கிங்பின் மாதிரி வில்லன் பெருந்தலைகள் உட்கார்ந்து பாடம் எடுக்கும் ஆட்களா? கூட்டிவைத்தவனே வேஷத்தில் வந்த சூழ்ச்சிக் கடவுள் லோகி, அது வேறு. இதற்கிடையே நாஜி முகாமில் இருந்து பிழைத்த மேக்னீட்டோ, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரெட் ஸ்கல் அசல் நாஜிதானா என்று தேடிப் போய்க் கேட்கிறான். ஆம் என்று உறுதியானதும் கொஞ்சம் தண்ணீரோடு அவனை உயிரோடு புதைத்துவிட்டுப் போகிறான். 1996இல் வந்த ஒரு கூட்டு வெளியீட்டில் ஜோக்கரும் ரெட் ஸ்கல்லின் நாஜித்தனம் வெறும் வேஷம் என்று நினைத்துச் சேர்ந்து, நிஜம் என்று தெரிந்ததும் அவனையே எதிர்க்கிறான். கூட்டாளி யார் என்ற முதல் கேள்வியைக்கூடச் சேர்ந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

சரி, எதையும் பகிராமலே ஜெயித்தவன் உண்டா? பேட்மேனின் எதிரி பேன். 1993இல் 'நைட்ஃபால்' கதையில் அவன் ஆர்க்கத்தை உடைத்து அத்தனை பேரையும் வெளியே விடுகிறான். அவர்களில் யாரிடமும் திட்டத்தைச் சொல்லவில்லை, கூட்டணிக்கு அழைக்கவில்லை. அவரவர் வழக்கமான வேலையைப் பார்த்தார்கள், பேட்மேன் ஓடி ஓடிக் களைத்தான். பேன் தூரத்தில் நின்று கவனித்து, ஆள் யார் என்று தானே கண்டுபிடித்து, கடைசியில் அவன் வீட்டிலேயே காத்திருந்து முதுகெலும்பை உடைத்தான். மற்ற வில்லன்கள் அவனுக்காக வேலை செய்தது அவர்களுக்கே தெரியாது.

ரகசியம் வெளியே வந்தால் என்ன ஆகிறது

இப்போது முதல் கேள்வியின் மறுபாதிக்கு வரலாம். வில்லன்களுக்கு உண்மை தெரிந்த தருணங்கள் பல உண்டு. அவை ஏன் சேர்ந்துகொண்டே போகவில்லை?

'ஐடென்டிட்டி கிரைசிஸ்' ஒரு கசப்பான பதில் சொன்னது. 1979இல் வந்த ஒரு பழைய கதையில் வில்லன் சங்கம் ஒன்று ஹீரோக்களின் உடலுக்குள் புகுந்து அவர்களின் நிஜ அடையாளங்களைத் தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகு ஹீரோக்கள் சிலர் மந்திரத்தால் வில்லன்களின் நினைவை அழித்தார்கள் என்று 2004இல் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். இந்தச் செய்தி வில்லன்களிடையே பரவிய பிறகுதான், 2005இல், அவர்கள் வரலாறு காணாத அளவில் ஒரே அமைப்பாகத் திரண்டார்கள். ஆசையும் கர்வமும் சேர்க்காதவர்களை, "அடுத்தது உன் மூளை" என்ற பயம் சேர்த்தது.

ஸ்பைடர்மேன் கதைகளை வெளியிடும் மார்வெல் பதிப்பகம் 2006இல் 'சிவில் வார்' கதையில் ஸ்பைடர்மேனையே பத்திரிகையாளர்கள் முன் முகமூடியைக் கழற்ற வைத்தது. நாற்பது வருடம் எதிரிகள் தேடிய விடை இலவசமாகத் தெருவுக்கு வந்தது. ஏலம் இல்லை, தரகர் தேவையில்லை. கூட்டணிகூடத் தேவைப்படவில்லை. சிறைக்குள் இருந்தபடியே கிங்பின் ஒரே ஒரு துப்பாக்கிக்காரனை அனுப்பினான். குண்டு மே அத்தை மேல் பாய்ந்தது.

பதிப்பகம் அந்த நிலையை அதிக நாள் தாங்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஸ்பைடர்மேனை வைத்து அடுத்த நூறு கதை எழுதுவது கடினம். 2007இல் 'ஒன் மோர் டே' கதையில் மெஃபிஸ்டோ என்ற பேயோடு ஓர் ஒப்பந்தம். அதில் பீட்டரின் திருமணம் போனது. அதற்குப் பிறகு பார்த்தால், அவன் முகம் யாருக்கும் நினைவில் இல்லை. டாக்டர் ஆக்டபஸ் மறுபடியும் ஒன்றும் தெரியாதவனாகத் தேட ஆரம்பித்தான்.